22 நாள் கணக்கு: முதலாண்டு மாணவர் கேள்வி – பதில்

கல்லூரி திறந்த கையோடு தஞ்சை, திருவாரூர், நாகை பக்கமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். பதில் சொல்பவர்கள் இப்பகுதிக் கல்லூரிகளில் வகுப்பெடுப்பவர்களும் அலுவலக வேலை பார்ப்பவர்களும். எண்கள் பாரதிதாசன் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் வழக்கப்படி உள்ளவை. உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்றால் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு மூன்று ஏக்கர் சம்பா. தை மாத அறுவடைக்கு அப்பாவுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. பதினைந்து நாள் லீவு போட்டால் பரீட்சை எழுத விடுவார்களா?
*– பி.காம். மாணவர், நீடாமங்கலம்*

விடுவார்கள் தம்பி, அந்தப் பதினைந்தோடு வேறு எதுவும் சேராமல் இருந்தால். ஒரு செமஸ்டருக்கு வேலை நாள் 90. அதில் 75 சதவீதம் 67.5. அரை நாளை யாரும் தள்ளுபடி செய்வதில்லை. 68 நாள் வந்தாக வேண்டும். ஆக உங்கள் கையில் இருப்பது 22 நாள். 59 முதல் 67 நாள் வரை வந்திருந்தால் வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கட்டும் கண்டோனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம். 45 முதல் 58 என்றால் அந்த செமஸ்டர் தேர்வை அப்போது எழுத முடியாது, அடுத்த முறைதான். 45-க்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும்.

பதினைந்து போக மிச்சம் ஏழு. ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம், ஊர்த் திருவிழா என்று அதுவும் கரைந்துவிடும். இது போதாதென்று தெரியாமலே போகும் நாட்கள் இரண்டு வகை உண்டு. பல கல்லூரிகளில் முதல் மணி வகுப்பை விட்டால் அரை நாள் ஆப்சென்ட். பஸ் தாமதமாகி வாரத்துக்கு ஒரு தடவை இப்படி ஆனால் செமஸ்டர் முடிவதற்குள் எட்டு, ஒன்பது நாள் போய்விடும். இன்னொன்று மழை விடுமுறை. கலெக்டர் அறிவிக்கும் லீவு அந்த மாவட்டத்துக்கு மட்டும்தான். வீடு திருவாரூர் மாவட்டம், கல்லூரி தஞ்சாவூர் மாவட்டம் என்றால் கல்லூரி இருக்கும் மாவட்டத்து அறிவிப்புதான் உங்களுக்குச் செல்லும். 'பள்ளிகளுக்கு மட்டும்' என்று வரும் நாட்களும் நிறைய. ஐப்பசி, கார்த்திகையில் டிவியில் 'விடுமுறை' என்ற ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பவர்கள் முழுச் செய்தியையும் கேட்பது நல்லது.

அறுவடை விஷயத்தில் ஒன்று சொல்கிறோம். மூன்று ஏக்கரை மெஷின் ஒரே நாளில் அறுத்துவிடும். நாளை விழுங்குவது கொள்முதல் நிலையம்: 17 சதவீத ஈரப்பதத்துக்கு நெல்லைக் காயவைத்து, குவித்து, சாக்குக்கும் முறைக்கும் காத்துக் கிடப்பது. அங்கே பகலில் அப்பா, வகுப்பு முடிந்தபின் நீங்கள் என்று மாற்றிக்கொண்டால் பதினைந்து நாள் ஐந்தாறாகச் சுருங்கும். இன்டர்னல் டெஸ்ட் தேதியைத் துறையில் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். லீவு நாளை விட, அந்த லீவில் விட்டுப்போன டெஸ்டுதான் அதிகம் உதைக்கும். ஏன் என்பது அடுத்த பதிலில்.

பிளஸ் டூ வரை தமிழ் வழி. இப்போது பி.எஸ்ஸி. இயற்பியல் ஆங்கில வழி. வகுப்பில் பாதி புரியவில்லை. பாஸ் ஆவேனா?
*– மாணவி, பூந்தோட்டம்*

முதலில் பாஸ் கணக்கு. ஒரு தாளுக்கு இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. இரண்டிலும் தனித்தனியாக 40 சதவீதம் வேண்டும்: இன்டர்னலில் 10, தேர்வில் 30. தேர்வில் 60 வாங்கிவிட்டு இன்டர்னலில் 8 வைத்திருந்தாலும் பாஸ் இல்லை. தேர்வில் கோட்டைவிட்டால் அரியர் எழுதிச் சரிசெய்யலாம். இன்டர்னல் மதிப்பெண்ணைப் பின்னால் ஏற்றுவதோ பெரும்பாடு. டெஸ்ட், அசைன்மென்ட், செமினார் மூன்றையும் தேதிக்கு முடித்துவிடுங்கள்.

75 மதிப்பெண் தாள் பொதுவாக இப்படி இருக்கும். 'அ' பிரிவில் இரண்டு மதிப்பெண் கேள்வி 10, எல்லாவற்றுக்கும் பதில்: 20. 'ஆ' பிரிவில் ஐந்து மதிப்பெண் கேள்வி 5, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது: 25. 'இ' பிரிவில் பத்து மதிப்பெண் கேள்வி ஐந்தில் மூன்று: 30. பாடத்திட்டத்தில் யூனிட் ஐந்து. ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் 'அ'வில் இரண்டு, 'ஆ'வில் ஒரு ஜோடி, 'இ'யில் ஒன்று. ஒரு யூனிட்டை அடியோடு விட்டால் போவது 4 + 5 = 9. 'இ'யில் ஒன்றும் போகாது, அங்கே மூன்றுதான் கேட்கிறார்கள். இரண்டு யூனிட்டை விட்டால் 18 போகும். மீதி மூன்றில் நெடுவினா மூன்றையும் எழுதியே தீர வேண்டும், ஒன்று கடினமாக வந்துவிட்டால் மாற்று கிடையாது. மூன்று யூனிட்டை ஆழமாகவும், மீதி இரண்டில் குறுவினாவையாவது படித்தால் 30 எட்டாத உயரம் இல்லை. ஐந்தையும் படித்தால் நாங்கள் தடுக்கப்போவதில்லை.

இனி மொழி. முதலாண்டு இயற்பியலில் 'ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் மேட்டர்' என்று வருவதில் பெரும்பகுதி, உங்கள் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் 'பருப்பொருளின் பண்புகள்' என்ற பாடத்தில் ஏற்கெனவே தமிழில் படித்ததுதான். பரப்பு இழுவிசை என்பதுதான் சர்ஃபேஸ் டென்ஷன்; பாகுநிலை என்பதுதான் விஸ்காசிட்டி. பழைய புத்தகங்களைப் பேப்பர் கடைக்குப் போட்டிருந்தால் தம்பி தங்கைகளிடம் கடன் வாங்குங்கள். முந்தின இரவு தமிழில் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு வகுப்புக்குப் போனால், காதில் விழும் ஆங்கிலச் சொல் எதைச் சொல்கிறது என்று தானே பிடிபடும். வகுப்பு முடிந்தபின் வாசிப்பதை விட இதில் பலன் அதிகம்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதலில் ஆங்கிலச் சொல், அடுத்து தமிழ்ச் சொல், மூன்றாவதில் அதை வைத்து நீங்களே எழுதிய ஒரு வரி ஆங்கிலம். பலர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். தேர்வில் கை ஓடாமல் நிற்பது அந்த மூன்றாவது பத்தி இல்லாததால்தான். கேள்வியில் வரும் வினைச்சொற்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. 'டிஃபைன்' என்றால் இரண்டு வரி, அலகு உண்டென்றால் அலகும். 'டிஸ்டிங்விஷ்' என்றால் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதுங்கள், கட்டுரை வேண்டாம். 'டிரைவ்' என்றால் படம், குறியீடுகளின் பொருள், சமன்பாடு படிப்படியாக. இதில் ஆங்கிலம் நாலு வாக்கியம்தான். படமும் சமன்பாடும் எந்த வழியில் படித்தாலும் ஒன்றே.

பிறகு, பகுதி ஒன்று தமிழ். தமிழ்தானே என்று புத்தகத்தைத் திறக்காமல் போய் அதில் அரியர் வைப்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

புதுமைப் பெண் திட்டத்தில் பெயர் பதிந்தாகிவிட்டது. தோழிக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது, எனக்கு வரவில்லை. பேங்கில் கேட்டால் 'ஆதார் லிங்க் ஆகியிருக்கு' என்கிறார்கள்.
*– மாணவி, வலங்கைமான்*

லிங்க் ஆகியிருக்கும், சீடிங் ஆகியிருக்காது. இரண்டும் வேறு. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது லிங்க். அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் வேலையைப் பார்க்கும் தேசிய நிறுவனம்) பட்டியலில் உங்கள் ஆதாருக்கு நேரே ஒரு வங்கியைக் குறிப்பது சீடிங். ஓர் ஆதாருக்கு ஒரே வங்கிதான். கடைசியாகப் பதிந்தது எதுவோ அதற்கே பணம் போகும். இடையில் வேறெங்காவது கணக்கு தொடங்கி அங்கே கைரேகை வைத்திருந்தால், பணம் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கவும் வாய்ப்புண்டு.

'மை ஆதார்' தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, ஓடிபி வாங்கி, 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். வங்கிப் பெயரும் 'ஆக்டிவ்' என்பதும் தெரியும். வேறு வங்கி இருந்தாலோ, 'இன்ஆக்டிவ்' என்றிருந்தாலோ, உங்களுக்கு வேண்டிய வங்கிக் கிளையில் சீடிங் சம்மதப் படிவம் கேட்டு, ஆதார் நகல், பாஸ்புக் நகலோடு கொடுங்கள். சில நாள் கழித்து அதே தளத்தில் திரும்பப் பாருங்கள். ஓடிபி வரவில்லை என்றால் ஆதாரில் பழைய செல் நம்பர் இருக்கிறது. முதலில் ஆதார் மையத்தில் அதை மாற்ற வேண்டும்.

பள்ளிக்கூட உதவித்தொகைக்குத் தொடங்கிய கணக்காக இருந்தால் இன்னொரு சிக்கல். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு முடங்கும். 18 வயது முடிந்ததும் மைனர் கணக்குக்குப் புதிதாகக் கையெழுத்தும் கேஒய்சியும் (அடையாள, முகவரிச் சான்று) கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நடையில் முடித்துவிடுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன்; அதே தொகை, அதே சீடிங் தொல்லை. எமிஸ் எண் (பள்ளிக் கல்வித்துறை மாணவர் பதிவு எண்) தெரியாவிட்டால் படித்த பள்ளியில் கேளுங்கள். கல்லூரியில் இதற்கென்று பொறுப்பு ஆசிரியர் ஒருவர் இருப்பார். அலுவலக ஜன்னலில் நிற்காமல் நேரே அவரைப் பாருங்கள்.

மகள் பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் போய்வர வேண்டும். ரயிலா, பஸ்ஸா?
*– தந்தை, பாபநாசம்*

ரயில், ஐயா. பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம். கல்லூரியில் படிவம் வாங்கி, முதல்வர் கையெழுத்து, முத்திரையோடு ஸ்டேஷன் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். ரிசர்வேஷன் பெட்டியில் ஏறினால் அபராதம். மகளிர் கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸுக்கு மட்டும். கும்பகோணம் – தஞ்சாவூர் மொபசல் பஸ்ஸில் செல்லாது. ஆனாலும் ரயிலைத் தவறவிடும் நாளுக்காக பஸ் பாஸுக்கும் எழுதிக் கொடுத்துவையுங்கள். முதல் மணி வகுப்பின் விலை மேலே சொல்லியிருக்கிறோம்.

போக்குவரத்துச் செலவு போக, தேர்வுக் கட்டணம் தாள் கணக்கில் தனியாக வரும். நவம்பர் தேர்வுக்கு முன்பு ஒருமுறை, ஏப்ரல் தேர்வுக்கு முன்பு ஒருமுறை. குறுவைப் பணம் கைக்கு வந்தவுடன் முதலாவதை எடுத்துவையுங்கள். தேதி தாண்டினால் அபராதம்.

ஹாஸ்டலில் சீனியர்கள் இரவில் கூப்பிட்டு நிற்க வைக்கிறார்கள். சொன்னால் இன்னும் மோசமாகுமோ?
*– பெயர் வேண்டாம், மயிலாடுதுறை*

1800-180-5522. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, பெயரைச் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். தேதி, நேரம், அறை எண் மூன்றையும் குறித்துவைத்துக்கொண்டு பேசுங்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் குற்றம்: இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். அட்மிஷன் நாளில் அந்த சீனியர்களும் அவர்கள் பெற்றோரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி அலுவலகத்தில்தான் இருக்கிறது.

பி.ஏ. வரலாறு. லேப்டாப் கடன் வாங்கியாவது வாங்கணுமா?
*– மாணவர், திருத்துறைப்பூண்டி*

வேண்டாம். முதல் வருடத்துக்கு நூலக அட்டையும், கேள்வித்தாள் பிடிஎஃப் திறக்கும் ஒரு செல்போனும் போதும்.