ரப்பர் தோட்டத்து மேட்டுக்கு எந்த ரீட் வால்வு?

கேள்வி: என்னிடம் 1992ஆம் ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. விடியும் முன்னே பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போவேன். இப்போது வண்டி ஸ்டார்ட் ஆகத் தாமதிக்கிறது. மேட்டில் இழுவையும் குறைந்துவிட்டது. மெக்கானிக் ரீட் வால்வை மாற்றச் சொல்கிறார். இணையத்தில் விற்கும் ‘ரேசிங்’ கார்பன் ஃபைபர் ரீட், கடையில் உள்ளதைவிடப் பல மடங்கு விலை. வாங்கலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: காசைக் கொடுக்கும் முன் பழைய ரீடைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை எஞ்சினுக்குள் விட்டுத் திரும்பவிடாமல் தடுக்கும் ஒருவழிக் கதவு அது. அதில் திறந்து மூடும் மெல்லிய தகட்டின் நுனி வளைந்தோ பிளந்தோ இருந்தால் கலவை கார்புரேட்டருக்கே பின்வாங்கும், நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் அதனால் வரலாம். தகடு நன்றாகப் படிந்திருந்தால் குற்றம் ரீடில் இல்லை. பிளக்கையும், எஞ்சினின் கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிராங்க் சீலையும், சைலன்சரில் அடைந்த கரியையும் பாருங்கள்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், ‘ரேசிங்’ என்ற சொல்லை மறந்துவிட்டுத் தகட்டின் தடிமனைக் கேளுங்கள். விறைப்பான தகடு அதிவேகத்தில் படபடக்காமல் மூடும். ஆனால் குறைந்த வேகத்தில் சோம்பித் திறக்கும். உங்கள் 98 சிசி எஞ்சின் தன் முழுத் திறனான 11 குதிரைத்திறனைத் தருவது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். முதல் இரண்டு கியரில் மேடேறுகிறவருக்கு அந்தச் சுற்றில் என்ன வேலை? ஆகவே மெல்லிய ஃபைபர் கிளாஸ் தகடே என் தேர்வு. ஸ்டீல் தகடும் மோசமில்லை, ஆனால் அது உடைந்து உள்ளே போனால் பிஸ்டனையும் சிலிண்டரையும் கீறிவிடும். ஃபைபர் துண்டு அந்த அளவுக்குக் கெடுக்காது. தடிமனைச் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம், அவர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், வாங்காதீர்கள்.

மாட்டும்போது சிறு திருகுகளுக்குத் திருகுப் பசை அவசியம். ஒன்று கழன்றாலும் அது போகும் இடம் எஞ்சின்தான். காற்று கூடுதலாகப் புகும் ரீட் என்றால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டையும் சரிபார்க்க வேண்டும். கலவையில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகிவிடும் (சீஸ்). ரீடில் மிச்சம் பிடித்த காசு சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோருக்குப் போய்விடும்.

இணையத்தில் வாங்கினால் பில்லையும் விளம்பரப் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதைக் காட்ட வேண்டும். விற்பனைத் தளம் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அழைக்கலாம், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம்.

கேள்வி: என் பழைய யெஸ்டி ரோட்கிங்குக்கு நல்ல ரீட் எது?
– வாசகர், குளச்சல்

பதில்: உங்கள் வண்டியில் ரீட் வால்வே கிடையாது. அதில் பிஸ்டனின் விளிம்பே கலவை நுழையும் துளையைத் திறந்து மூடுகிறது. ‘ரோட்கிங் ரீட்’ என்று யாராவது விற்க வந்தால், அதை எங்கே மாட்டுவது என்று அவரையே காட்டச் சொல்லுங்கள்.