அம்பு எத்தனை கிரெய்ன் இருக்கணும்? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வில் வேட்டைக்கான அம்பின் எடையைப் பற்றித்தான் (கிரெய்ன் என்பது அம்பை நிறுக்கிற சின்ன அளவு). அதனால் அதையும் அதை ஒட்டிய சிலவற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன். வேட்டையைச் சட்டம் அனுமதிக்கிற இடத்தில், உரிமத்தோடு, உரிய பருவத்தில் போகிறவர்களுக்குத்தான் கீழே உள்ளவை. இலக்குப் பலகையில் மட்டும் எய்பவர்களுக்கும் பாதி பயன்படும்.

கேள்வி: என் ரீகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த) வில்லில் 28 அங்குலம் இழுத்தால் 48 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. நான் இழுப்பது 27 அங்குலம்தான். மான் வேட்டைக்கு 400 கிரெய்ன் போதும், வேகம்தான் முக்கியம் என்கிறார் ஒரு நண்பர். 650-க்குக் கீழே இறங்கவே கூடாது என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார வையுங்கள். முதலில் உங்கள் விரலில் உண்மையில் எத்தனை பவுண்டு நிற்கிறது என்று பார்ப்போம். ஓர் அங்குலம் குறைத்து இழுத்தால் சுமார் இரண்டரை, மூன்று பவுண்டு போய்விடும். ஆக உங்கள் வில் 48 இல்லை, ஏறக்குறைய 45. கொக்கித் தராசு ஒன்று வாங்கி நீங்களே இழுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

இந்த மாதிரி வில்லுக்கு, இழுவிசையில் ஒரு பவுண்டுக்கு அம்பில் 9 முதல் 11 கிரெய்ன் வரை என்பது என் கணக்கு. 10 வைத்தால் உங்களுக்கு 450, சற்றுத் தாராளமாகப் போனால் 500. (எடைக் கணக்கில் ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், ஒரு கிராமுக்குப் பதினைந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. 500 கிரெய்ன் என்றால் 32 கிராம்தான், பயப்படாதீர்கள்.) 8-க்குக் கீழே போனால் வில் சத்தம் போடும், கை அதிரும். வில் செய்பவர்கள் பலரும் அதற்குக் கீழே உத்தரவாதமும் தருவதில்லை.

இப்போது வேகக்காரருக்கு வருவோம். 400 கிரெய்ன் அம்பு வினாடிக்கு 185 அடி போகிறது, அதே வில்லில் 500 கிரெய்ன் அம்பு 170 அடி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் கனமான அம்பின் ஆற்றல் 5 சதவீதம்போலக் கூடுகிறது, உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது) 15 சதவீதம் கூடுகிறது. உடலைத் துளைத்து மறுபக்கம் வருவதற்கு இந்த உந்தம்தான் உதவும். கனமான அம்பு வில்லிலிருந்து கூடுதல் ஆற்றலை வாங்கிக்கொண்டு போவதால் பின்னால் மிஞ்சி நிற்கிற அதிர்வும் சத்தமும் குறைகிறது. அது சின்ன விஷயமில்லை. 20 கஜத்தில் நிற்கிற மானுக்கு நாண் ஒலி இருபதில் ஒரு பங்கு வினாடியில் கேட்டுவிடும், அம்பு போய்ச் சேர வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். நண்பர் பெருமைப்படுகிற அந்த 15 அடி வேகம் மிச்சம் பிடிப்பது நூறில் மூன்று பங்கு வினாடி. அதற்காகச் சத்தத்தைக் கூட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்காத வியாபாரம்.

"தட்டையாகப் போகும், தூரம் தப்பாகக் கணித்தாலும் சமாளிக்கலாம்" என்பார்கள். அதையும் பார்த்துவிடலாம். 20 கஜத்தை 15 என்று நினைத்து எய்துவிட்டீர்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் 400 கிரெய்ன் அம்பு நினைத்த இடத்துக்கு 5 அங்குலம் கீழே, 500 கிரெய்ன் 6 அங்குலம் கீழே, 650 கிரெய்ன் (150 அடிபோல வேகம் என்று வைத்து) ஏழரைக்கு மேல் கீழே. மானின் நுரையீரல் பகுதி சுமார் 8 அங்குல வட்டம், நடுவிலிருந்து 4. அப்படியென்றால் மூன்று அம்புமே தப்பாகத்தான் பட்டது! எந்த எடையும் உங்கள் கண்ணுக்குப் பதிலாகத் தூரத்தை அளந்து தராது. எய்தவனிருக்க அம்பை நோவானேன்.

650-க்காரர் சொல்வதும் கதையில்லை. டாக்டர் எட் ஆஷ்பி 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தொடங்கி, பெரிய விலங்குகளில் அம்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பல வருடம் பார்த்துப் பதிவு செய்தவர். கனத்த எலும்பை உடைக்க 650 கிரெய்ன் போல வேண்டும் என்ற எண் அவரிடமிருந்து வந்தது. ஆனால் அவர் போட்ட வரிசையில் முதலிடம் அம்பு முழுசாக உடையாமல் இருப்பதற்கு, இரண்டாவது இடம் அம்பு நேராகப் பறப்பதற்கு. எடை அதற்கெல்லாம் பின்னால்தான் வருகிறது. எருமை மாதிரி ஒன்றைத் தேடிப் போகிறவர் 650-ஐ நினைக்கட்டும். 45 பவுண்டு வில்லோடு மானுக்குப் போகிறவர் 650 கட்டினால் 20 கஜத்தில் அம்பு இரண்டரை அடி விழும். அதையும் பழகி அடிப்பவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் முதல் வருடமே அந்தத் தலைவலியை வாங்க வேண்டாம்.

450-க்கும் 500-க்கும் நடுவில் எது என்பதை இப்போதே முடிவு பண்ணாதீர்கள். அம்பு நேராகப் பறக்க எந்த முனை வேண்டும் என்று பாருங்கள், எடை தானாக வந்து நிற்கும். எப்படி என்பதற்கு அடுத்த கேள்வியே வசதியாக வந்திருக்கிறது.

கேள்வி: வலக்கைக்காரன் நான். 45 பவுண்டு லாங்போ (நீளமான பழைய பாணி வில்), 600 ஸ்பைன் (தண்டு எவ்வளவு வளையும் என்கிற எண்) கார்பன் தண்டு, நீளம் 29 அங்குலம். சோதிக்க எய்கிற, இறகு ஒட்டாத மொட்டைத் தண்டு, இறகுள்ள அம்புகளுக்கு இடப்பக்கமே போகிறது. இடது என்றால் தண்டு விறைப்பு, முனை கனத்தால் தண்டு தொய்யும் என்று சிலர் சொன்னதால் முனையை 100-லிருந்து 125, 175, இப்போது 200 கிரெய்ன் வரை ஏற்றிவிட்டேன். இன்னும் இடதுதான், போகப் போக மோசம். தண்டே கோளாறா?

பதில்: தண்டு பாவம். நானும் இதே குழியில் இரண்டு வாரம் கிடந்தவன். முனையை ஏற்றிக்கொண்டே போனேன், அம்பு பிடிவாதமாக இடப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு நாள் வில்லைத் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. அம்பு உரசுகிற பக்கத்தில் ஒட்டியிருந்த வெல்வெட் துண்டில் ஒரே இடம் மட்டும் மழுங்கிப் பளபளத்தது. அம்பின் வால் ஒவ்வொரு முறையும் அங்கே அடித்துவிட்டுப் போயிருக்கிறது.

நடப்பது இதுதான். நாணை விட்டதும் பின்னாலிருந்து தள்ளுகிற வேகத்தில் அம்பு பாம்பு மாதிரி வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறது. எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவு வளைந்தால் வால் வில்லைத் தொடாமல் கடந்துவிடும். வலக்கைக்காரருக்கு விறைப்பான தண்டு இடப்பக்கம் போகும், தொய்வான தண்டு வலப்பக்கம் போகும். இதுவரை உங்களுக்குச் சொன்னது சரி. ஆனால் தண்டு அளவுக்கு மீறித் தொய்ந்தால் வால் வந்து வில்லில் அறையும், அந்த அடியில் அம்பு இடப்பக்கம் தெறிக்கும். பார்ப்பதற்கு அப்படியே விறைப்பு மாதிரி இருக்கும். நீங்கள் முனையை ஏற்ற ஏற்ற இன்னும் தொய்கிறது, இன்னும் அறைகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். அந்த வெல்வெட்டிலும் தண்டின் பின்பாதியிலும் கொஞ்சம் முகப் பவுடர் தூவி எய்து பாருங்கள், கோடு விழுந்தால் அடிக்கிறது. இல்லாவிட்டால் முனையைத் திரும்ப 100-க்கு இறக்குங்கள். நிஜமாகவே விறைப்பு என்றால் இன்னும் இடது போக வேண்டும். வலப்பக்கம் வந்தாலோ நடுவுக்கு நெருங்கினாலோ நான் சொன்ன கதைதான்.

600 ஸ்பைன் என்பது, 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்க வைத்து நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் 0.600 அங்குலம் தொய்கிறது என்று பொருள். எண் கூடினால் தொய்வு கூடும். உங்கள் 45 பவுண்டுக்கு, 29 அங்குல நீளத்தில், 200 கிரெய்ன் முனையோடு 600 என்பது ரொம்பத் தொய்வு. 500 எடுங்கள், வெட்டாமல் முழு நீளத்தில் தொடங்குங்கள். முனை 175 அல்லது 200 என்று முதலில் முடிவு செய்துவிட்டு, மொட்டைத் தண்டு இறகுள்ள அம்புகளோடு சேரும்வரை தண்டைக் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டிக்கொண்டே வாருங்கள், குட்டையாக ஆக விறைப்பு கூடும். வெட்டியதை ஒட்ட முடியாது, அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் பொறுமையாக ஒரு பத்து அம்பாவது விட்டுப் பாருங்கள். களைத்த கையோடு இந்த வேலை செய்யவே கூடாது. விடுகிற விரல் சொதப்பினால் மொட்டைத் தண்டு அதையும் ஸ்பைன் கோளாறாகத்தான் காட்டும்.

இதற்கும் முன்னால் மேல்–கீழைச் சரி செய்துவிடுங்கள். நாணில் அம்பு கோக்கும் இடம், வில்லில் அம்பு தங்கும் இடத்திலிருந்து நாணுக்குப் போகிற செங்கோட்டுக்கு அரை அங்குலத்திலிருந்து 5/8 அங்குலம் மேலே இருக்கட்டும். மொட்டைத் தண்டு கீழே போய்க் குத்தினால் கோக்கும் இடம் உயரம், கொஞ்சம் இறக்குங்கள். மேலே போனால் ஏற்றுங்கள். அப்புறம் ஒன்று, மொட்டைத் தண்டில் வேட்டை முனையைப் போட்டு மட்டும் எய்துவிடாதீர்கள். அது எங்கே போகும் என்று அதற்கே தெரியாது.

கேள்வி: என் வில்லில் 40 பவுண்டு என்று எழுதியிருக்கிறது, நான் இழுப்பது இருபத்தைந்தரை அங்குலம். மானுக்குப் போதும்தானே? என் கணவர் விரிகிற முனை (பட்டதும் அலகு திறந்துகொள்வது) வாங்கித் தருகிறேன் என்கிறார்.

பதில்: அவர் அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எழுதியிருப்பது 28 அங்குல இழுப்புக்கு என்று வைத்துக்கொண்டால், இரண்டரை அங்குலம் குறைவதால் உங்கள் விரலில் நிற்பது 34 பவுண்டு போலத்தான். விரிகிற முனை திறந்துகொள்வதற்கே ஆற்றலைச் செலவழிக்கும், உங்களிடம் செலவழிக்க மிச்சமில்லை. அதோடு, பல இடங்களில் குறைந்தபட்ச இழுவிசை இவ்வளவு என்று விதியே இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், அது தடுத்தால் பேச்சே இல்லை.

விதி அனுமதித்தால் ஒல்லியான நீண்ட இரட்டை அலகு முனை, அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளம் இருந்தால் நல்லது. முழங்கை மயிர் மழிக்கிற அளவுக்குக் கூர். மொத்த அம்பு 370, 380 கிரெய்ன். 12, 15 கஜத்துக்குள் பக்கவாட்டில் நிற்கிற மானை மட்டும் எய்வது, தோள் எலும்புப் பக்கம் போகாமல் அதற்குப் பின்னால் வைப்பது. எலும்பில் பட்டால் இந்த அமைப்பு தாங்காது என்று தெரிந்தேதான் போக வேண்டும். இன்னும் ஒரு வருடம் பழகி நிஜமான 40-க்கு வந்துவிட்டுப் போகிறேன் என்று நீங்கள் சொன்னால் நான் சந்தோஷப்படுவேன்.

கேள்வி: முன்கனம் (அம்பின் கனம் முனைப் பக்கம் சாய்ந்திருக்கிற அளவு) 15 சதவீதம் வேண்டும், 20 வேண்டும் என்கிறார்களே, அதை எப்படி அளப்பது?

பதில்: முனையோடு அம்பை விரல் மேல் வைத்து சமநிலைப் புள்ளியைக் குறியுங்கள். நாண் கோக்கும் பள்ளத்திலிருந்து தண்டு முடிகிற இடம்வரை 29 அங்குலம், பாதி பதினாலரை. சமநிலை 19-இல் நின்றால் வித்தியாசம் நாலரை. அதை 29-ஆல் வகுத்தால் 15.5 சதவீதம். இந்த மாதிரி வில்லில் 175, 200 கிரெய்ன் முனை போட்டாலே 15-க்குப் பக்கம் வந்துவிடும், அது போதும். பித்தளை இன்செர்ட் (முனையைத் திருக, தண்டுக்குள் செருகுகிற துண்டு) போட்டு ஏற்றலாம், ஆனால் அப்போது தண்டு தொய்யும், மறுபடி மொட்டைத் தண்டோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எண்ணைத் துரத்திப் போய் நேராகப் பறந்துகொண்டிருந்த அம்பைக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: மரத் தண்டா, கார்பனா? ஒற்றைச் சரிவு முனைக்கு (அலகின் ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்தது) இறகு ஏதாவது பார்க்கணுமா?

பதில்: மரம் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒரே மாதிரி பன்னிரண்டு தண்டு பொறுக்கி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மழையில் நனைந்தால் கோணும், தினமும் நிமிர்த்த வேண்டும். கார்பன் அந்தத் தொல்லை தராது, பதிலுக்கு வேறு தொல்லை. கல்லிலோ எலும்பிலோ பட்ட கார்பன் தண்டை இரு கையிலும் பிடித்து லேசாக வளைத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்காமல் திரும்ப நாணில் ஏற்றக் கூடாது. மெல்லிசாக ஒரு "சர்ர்" கேட்டால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். எய்யும்போது உடைந்தால் அது விற்பிடித்த கைக்குள்தான் இறங்கும்.

இறகு என்றால் நிஜ இறகு, பிளாஸ்டிக் வேண்டாம். அம்பு விற்பிடி மேலேயே உரசிப் போகிற வில்லில் இறகு மடங்கிக் கொடுக்கும், பிளாஸ்டிக் முட்டித் தள்ளும். வலச் சரிவு முனைக்குப் பறவையின் வலச் சிறகிலிருந்து எடுத்த இறகு, இடதுக்கு இடது. மாற்றிப் போட்டால் பறக்கும்போது ஒரு பக்கம் சுழல்கிற அம்பை உள்ளே போனதும் முனை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும்.

கேள்வி: என் ஆறு அம்பும் ஒரே எடையில் இல்லை. 498, 503, 508 என்று ஆளுக்கொன்று. உறக்கம் வரவில்லை.

பதில்: தூங்குங்கள். 500-இல் 10 கிரெய்ன் என்பது 2 சதவீதம். 15 கஜத்தில் அம்பு பதிமூன்றரை அங்குலம் விழுகிறது என்றால் வித்தியாசம் கால் அங்குலம். அந்தக் கால் அங்குலத்தின் மேல் பழி போடுகிற அளவுக்கு நான் இன்னும் எய்யப் பழகவில்லை.