புதுத் தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றனவா?

தொட்டி வைத்த மூன்றாம் நாளே எட்டு மீன்கள் விட்டீர்கள். இப்போது தண்ணீர் பால் கலந்தது போலிருக்கிறது, மீன்கள் மேலேயே நின்று வாயைத் திறந்து மூடுகின்றன. முழுத் தண்ணீரையும் மாற்றி, ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் கழுவலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து பஞ்சைத் தொடாதீர்கள்.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாதான் பெரும்பாலும் காரணம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியேறும். அதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அதைக் கொன்றுவிடும். என் முதல் தொட்டியில் பஞ்சை வெள்ளை வெளேரென்று கழுவி மாட்டினேன். அந்த வாரமே இரண்டு மீன்கள் போய்விட்டன. இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இன்றே பாதித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஊற்றும் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்து கலந்திருக்க வேண்டும், சூடும் தொட்டித் தண்ணீரைப் போலவே இருக்கட்டும். ஏர் பம்ப், ஃபில்டர் இரவிலும் ஓடட்டும். தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு சிட்டிகை போதும்.

அப்புறம், சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். அம்மோனியா சோதனையில் பெரும்பாலும் மஞ்சள் நிறம் நல்லது, பச்சை ஏற ஏற ஆபத்து. அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5 பிபிஎம்மை (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) தொட்டால் மறுபடி தண்ணீர் மாற்றுங்கள். கலங்கல் தானே தெளியும். நண்பர் யாரிடமாவது நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு உங்கள் ஃபில்டரில் வையுங்கள்.