கதவு பூட்டியாச்சா?

கேள்வி: எனக்கு 41 வயது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடையில் வேலை. மாமியாருக்கு 76. ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். இப்போது மறதி. ராத்திரி ஆனால் “கதவு பூட்டியாச்சா?” என்று பத்துத் தடவை கேட்கிறார். கத்திவிடுகிறேன். அப்புறம் குளியலறையில் நின்று அழுகிறேன். யூடியூபைப் பார்த்து 20 நிமிடம் தியானம் செய்ய உட்கார்ந்தால் தூங்கிப் போகிறேன். போன வாரம் என் மகள் பாட்டியிடம் அப்படியே என் குரலில் கத்தினாள். எனக்கு அன்பே இல்லையா?
(பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, கண்ணை மூடியதும் தூக்கம் வந்தால், உடம்பு கேட்பது தூக்கத்தைத்தான். தூங்குங்கள். அந்த 20 நிமிடத்தை விட்டுவிடலாம்.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட் ஸின் என்பவர், தீராத வலியில் இருந்தவர்களுக்கு, செய்வதில் முழுக் கவனம் வைக்கும் தியானப் பயிற்சியைத் தொடங்கினார். அதில் ஒரு பாடம், ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று தின்பது. அவ்வளவுதான். இதற்குத் தனி அறையும் ஊதுபத்தியும் வேண்டியதில்லை.

என் அம்மாவும் மரம் சீவியவர். விடியுமுன், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். வீட்டுச் சண்டையை நினைத்துக்கொண்டு கொஞ்சம் ஆழமாக இழுத்துவிட்டால் உளி கட்டையில் பட்டுக் காயமாகிவிடும். அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். திரும்ப அந்தப் பக்கம் வெட்ட வரும்போது உளி ஓடாது. ஒவ்வொரு மரத்துக்கும் அந்த நேரத்துக் கவனம் முழுதும் வேண்டும். நீங்கள் யூடியூபில் தேடுவதை உங்கள் மாமியார் இருட்டில் நின்று செய்திருக்கிறார்.

சரி, இன்றைக்கு ராத்திரி அவர் கேட்கும்போது கையில் இருக்கும் பாத்திரத்தைக் கீழே வையுங்கள். ஒரு மூச்சு விடுங்கள். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். “இப்பத்தானே சொன்னேன்” மட்டும் வேண்டாம். அவர் மனதில் அந்த ‘இப்ப’ தங்குவதில்லை. முதல் தடவை கேட்பதாகத்தான் அவருக்கு இருக்கும். அந்தக் கேள்விக்கு அடியில் பயம் இருக்கலாம். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். பத்தில் நான்கு தடவை இப்படிச் செய்ய முடிந்தாலே பெரிய விஷயம். மிச்ச ஆறு தடவை கத்தினால், போய் “மன்னிச்சிருங்க அத்தை” என்று சொல்லுங்கள், மகள் காதில் விழும்படி.

மறதியை வயசு என்று ஒதுக்க வேண்டாம். தைராய்டு குறைவாலும் பி12 சத்துக் குறைவாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். யார் கூட்டிப்போவது? உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், கணவர் ஒரு வரியிலும் இல்லை. அவருடைய அம்மாதானே! ஒரு நாள் லீவு போடட்டும். ராத்திரிக் கேள்விகளில் பாதிக்கும் அவரே பதில் சொல்லட்டும்.

அப்புறம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை உட்கார வைத்து, உளியை எப்படிப் பிடிப்பது என்று அத்தையிடம் கேளுங்கள். கை பழகிய வேலை சுலபத்தில் மறப்பதில்லை. உளி இல்லாவிட்டால் ஒரு கரண்டி போதும்.