பாடும்போது வராத திக்கல், பேசும்போது மட்டும் ஏன்?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "என் மகனுக்கு நாலரை வயது. எட்டு மாதமாகத் திக்குகிறான், சொல் வராதபோது கண்ணை இறுக்கி மூடுகிறான். தேவாரம் பாடச் சொன்னால் மட்டும் தடங்கலே இல்லை. வேண்டுமென்றே செய்கிறானா? வீட்டில் தமிழ், தாடிகாவில் (பாலர் பள்ளியில்) மலாயும் ஆங்கிலமும். அதனால்தான் குழம்பிவிட்டானா? மாமியார் நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார். என் அண்ணனுக்கும் திக்குவாய் உண்டு."

வேண்டுமென்றே செய்யவில்லை, அம்மா. திக்குபவர்களில் பெரும்பாலோர் தடையின்றிப் பாடுவார்கள். பாட்டில் சொல்லும் தாளமும் முன்பே மனப்பாடம். பேச்சில் அப்படியில்லை, அடுத்த சொல்லை அந்த நொடியிலேயே தேடி எடுத்து வாயசைவோடு சேர்க்க வேண்டும். திக்குவதன் வேர் மூளை பேச்சை இயக்கும் விதத்தில் இருக்கிறது, பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. மூன்று மொழிகள் காரணமல்ல, உங்கள் வளர்ப்பும் காரணமல்ல. தமிழை நிறுத்திவிடாதீர்கள். வசம்பு இதைக் குணமாக்காது. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லி விட்டுவிடுங்கள்.

வீட்டில் மாற வேண்டியது அவன் வாயல்ல, நம் காது. நீங்கள் குழம்பு கிண்டிக்கொண்டிருக்கும்போது ஓடிவருகிறான்: "ம்மா, பூ... பூ... பூனை..." கண்ணை இறுக்கி மூடுகிறான், காலைத் தரையில் உதைக்கிறான். "மெதுவா பேசு", "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்" என்று எல்லோரும் அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அவன் காதில் விழுவது, நான் பேசுவது தப்பு என்பதுதான். அடுப்பைக் குறைத்துவிட்டு அவன் உயரத்துக்குக் குனியுங்கள். சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். முடித்ததும் மனத்துக்குள் இரண்டு எண்ணிவிட்டு, "ஓ, பூனை மதில்மேல் ஏறிடுச்சா!" என்று விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். வேகத்தை நீங்கள் குறைத்தால் போதும், அவனுக்கும் அவசரம் குறையும். கேள்விகளையும் குறையுங்கள். தாடிகாவிலிருந்து வரும்போது "என்ன சாப்பிட்டே, யாரோட விளையாடினே" என்று அடுக்காமல், "சட்டையெல்லாம் சாயம்!" என்று சொல்லிவிட்டு விடுங்கள். அவனே கதை சொல்வான். விருந்தினர் முன் பேசிக் காட்டச் சொல்ல வேண்டாம்.

நூறில் ஏறக்குறைய ஐந்து பிள்ளைகள் ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள், பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும். ஆனாலும் உங்கள் மகனுக்குக் காத்திருக்கச் சொல்லமாட்டேன். ஆறு மாதம் தாண்டிவிட்டது, குடும்பத்தில் ஒருவருக்கு இருக்கிறது, பேச முகத்தை இறுக்கிப் போராடுகிறான். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லி, பேச்சு சிகிச்சையாளரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் (UKM) கோலாலம்பூர் வளாகத்திலும் இதற்கான கிளினிக் உண்டு. இந்த வயதில் சிகிச்சையில் பாதி வேலை பெற்றோர் கையில்தான், ஆகவே நீங்களும் கூடவே இருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

ஒருநாள் அவனே கேட்பான், "எனக்கு மட்டும் ஏன் வார்த்தை மாட்டிக்குது?" பேச்சை மாற்றாதீர்கள். "ஆமாய்யா, சில நேரம் மாட்டிக்கும். நீ சொல்லு, அம்மா கேட்கிறேன்" என்று சொல்லுங்கள்.