பதில்: பெட்டி எண்ணிக்கையில் பரிமாணம் 1.7 வருவது ஏன்?

பிரிட்டன் மேற்குக் கரைப் படத்தின் ஃபிராக்டல் பரிமாணத்தை (கரை எவ்வளவு நெளிந்தது என்பதன் அளவு) உங்கள் நிரலில் பெட்டி எண்ணிக்கை முறையில், அதாவது படத்தின்மேல் வெவ்வேறு அளவில் சதுரக் கட்டம் இட்டு, கரை விழும் பெட்டிகளை எண்ணிக் கணித்தபோது 1.7 வந்தது ஏன் எனக் கேட்டிருந்தீர்கள். 1.25-ஐ ஒட்டி வரவேண்டியது 1.7 என வருவதற்குக் காரணம், பெரும்பாலும் உங்கள் 6 பிக்சல் தடிமனான கோடுதான். பெட்டி அதைவிடச் சிறியதானால் கோடே பரப்பாகிவிடும். பரிமாணமாக எடுக்கும் சாய்வு, அதாவது லாக்-லாக் வரைபடத்தில் (இரு அச்சுகளும் மடக்கை அளவில்) பெட்டி சிறிதாகச் சிறிதாக எண்ணிக்கை ஏறும் சரிவு, 2-ஐ நோக்கி ஏறும். முதலில் கோட்டை 1 பிக்சலாக மெலியச் செய்யுங்கள். நிலப்பகுதிக்கு நிறம் நிரப்பியிருந்தால் அதையும் நீக்குங்கள்.

2000 பிக்சல் படத்துக்கு 4 முதல் 200 பிக்சல் வரை பக்கமுள்ள பெட்டிகள் போதும். அதற்கு மேல் ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் கரை விழும், அந்தப் புள்ளிகளால் பயனில்லை. ஒவ்வோர் அளவுக்கும் கட்டத்தைச் சில இடங்களுக்கு நகர்த்தி, கிடைக்கும் மிகக் குறைந்த எண்ணிக்கையை எடுங்கள். லாக்-லாக் வரைபடத்தில் நேராக உள்ள பகுதிக்கு மட்டும் கோடு பொருத்துங்கள், ஆர்-ஸ்கொயர் (கோடு தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்னும் அளவு) 0.99 என்றாலும் நம்பாதீர்கள், வளைந்த தரவுக்கும் அது வரும்.

நிரலைச் சோதிக்க பரிமாணம் ஏற்கெனவே தெரிந்த ஃபிராக்டல் வளைவான கோக் வளைவைக் கொடுத்துப் பாருங்கள்: 1.26 வரவேண்டும்.