சென்னைக்கு மாற்றல்: 2,000 ரூபாய் போதுமா?

கேள்வி: உத்தமபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். சென்னைக் கிளைக்கு மாற்றுகிறார்கள். மாதம் 2,000 ரூபாய் கூட்டித் தருவார்களாம். "குறைந்தபட்ச ஊதியக் கணக்குப்படி இதுவே அதிகம்" என்கிறார் மேனேஜர். வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகளோடு போக வேண்டும். என்ன கேட்கலாம்?

பதில்: மேனேஜர் சொல்வது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த 2,000 ரூபாய் சென்னையில் வீட்டு வாடகைக்கே காணாது.

குறைந்தபட்ச ஊதியம் வேலை செய்யும் ஊரைப் பொறுத்தது, சொந்த ஊரைப் பொறுத்ததல்ல. தமிழ்நாட்டில் பல தொழில்களுக்கு மாநகராட்சி, நகராட்சி, பிற பகுதிகள் என்று மண்டலம் பிரித்து அறிவிக்கிறார்கள். ஆனால் மண்டலத்துக்கு மண்டலம் மாறுவது அடிப்படைச் சம்பளம்தான். விலைவாசி ஏற்றத்துக்காகத் தரும் அகவிலைப்படியை மாநிலம் முழுவதற்கும் சென்னை நகர விலைக் குறியீட்டை வைத்தே கணக்கிடுகிறார்கள். வருடா வருடம் படி ஏற ஏற, மொத்தச் சம்பளத்தில் மண்டல வித்தியாசம் சிறுத்துக்கொண்டே போகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை வாடகைக் கணக்கில் இருக்கிறது. 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாக (வேலைக்குப் போகும் ஒரு பெரியவரின் செலவு ஓர் அலகு) வைத்து உணவு, துணி, வாடகை, எரிபொருள் என்று ஊதியத்துக்கு அளவுகோல் வகுத்தது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்காக 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது பின்னால் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நல்ல அளவுகோல்தான். ஆனால் பழைய ஊதியச் சட்டங்களை ஒன்றாக்கிய மத்திய அரசின் ஊதியச் சட்டத்தொகுப்புக்காக 2020-ல் வந்த வரைவு விதிகளைப் பாருங்கள்: வாடகை என்பது உணவு, துணிச் செலவில் 10 சதவீதம். அரிசியும் பருப்பும் உங்கள் ஊரிலும் சென்னையிலும் ஏறக்குறைய ஒரே விலை. வாடகைதான் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. அந்த வாடகையை அரிசி விலையோடு கட்டிப்போட்டால், ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசம் எப்படித் தெரியும்?

2019-ல், மத்திய அரசு அமைத்த அனூப் சத்பதி குழு, குறைந்தபட்ச ஊதியமாக நாடு முழுவதற்கும் நாளொன்றுக்கு 375 ரூபாய், அல்லது ஐந்து பிராந்தியங்களாகப் பிரித்து 342 முதல் 447 ரூபாய் வரை என்று பரிந்துரைத்தது. நகரத்துக்கு வாடகைப்படியாக நாளுக்கு 55 ரூபாய் வரை தனியே சேர்க்கச் சொன்னது. மாதத்தில் 26 வேலை நாளுக்கு 1,430 ரூபாய். வாடகையைத் தனியாகப் பார்த்தது சரியான வழி, தொகைதான் போதாது. சிற்றூர்களில் ஊதியத்தைக் குறைவாகவே வைக்கலாம் என்போரின் வாதத்தை நான் ஏற்கவில்லை. சிலிண்டரும் மாத்திரையும் உத்தமபாளையத்தில் மலிவாகக் கிடைப்பதில்லை. அடிமட்ட ஊதியம் எல்லா ஊருக்கும் கௌரவமாக இருக்கட்டும். அதன் மேல் அந்தந்த ஊர் வாடகையை நிஜமாக அளந்து சேர்க்கட்டும்.

இனி உங்கள் விஷயம். சட்டத்தில் இருப்பது தரைமட்டம்தான். அதற்கு மேல் கேட்பது உங்கள் உரிமை. முதலில் தொழிலாளர் துறை இணையதளத்தில் கடைகள், வணிக நிறுவனங்களுக்கான அறிவிப்பை எடுத்து, சென்னைக்கு உரிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டுங்கள். முதலாளி கட்டும் பிஎஃப் பங்கையும் பயணப்படியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக் காட்ட விடாதீர்கள், அவை ஊதியம் ஆகாது. உங்களுக்குத் தரும் சம்பளம் அந்தத் தொகைக்குக் குறைந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

அடுத்து, கடைக்கு வந்துபோகும் தூரத்தில் இரண்டு மூன்று வீடுகளின் வாடகையை நேரில் விசாரியுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால், அந்த வண்டிகள் அடிக்கடி ஓடும் பகுதியாகப் பார்ப்பது உங்களுக்கு லாபம். அங்கே கேட்ட வாடகையில் இப்போது கொடுக்கும் வாடகையைக் கழியுங்கள். உங்கள் கணவரின் வருமானம் சில மாதம் நின்றுபோனால் அதையும் சேருங்கள். வரும் தொகைதான் நீங்கள் கேட்க வேண்டியது. வாடகை முன்பணத்துக்கு வட்டியில்லாக் கடனும் கேளுங்கள். மாற்றல் முதலாளியின் தேவைக்குத்தானே? ஒப்புக்கொண்டால் அடிப்படை, அகவிலைப்படி, வாடகைப்படி என்று தனித்தனியாக மாற்றல் உத்தரவில் எழுதி வாங்கிய பிறகு வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.